எல்லா ஃபைலும் ஜூன் இருபத்தேழு

குடிபாலா
5.9.1999

அன்புள்ள தம்பி ராயனுக்கு,

போனில் நீ பேசிய மூன்று நிமிஷமும் நைனா கையில்தான் ரிசீவர் இருந்தது. அதனால் சொல்ல வேண்டியதை எழுதுகிறேன். நிதானமாகப் படி.

நீ அமெரிக்காவுக்கு விமானம் ஏறுவதற்கு மூன்று நான்கு வாரம் முன்னால், பங்காருபாளையத்தில் நாம் இரண்டு பேரும் வேலை பார்த்த மாம்பழக்கூழ் பேக்டரிக்குப் பின்னால் இருக்கும் காலனியில் வாந்திபேதி வந்து மூன்று பேர் செத்தார்கள். உனக்குத் தெரியும். முதலில் போனது பழம் அறுக்கும் லைனில் வேலை செய்யும் ரத்னம்மாவின் பெண் சுமித்ரா. ஆறு வயசு. திருப்பதி பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியிலேயே முடிந்துவிட்டது.

இப்போது விசாரணை வந்திருக்கிறது. கழிவுத் தொட்டியில் வெடிப்பு விட்டுக் காலனிக் கிணற்றில் கலந்தது என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. நிர்வாகத்துக்கு அது முன்னாலேயே தெரியுமா என்பதுதான் கேள்வி. தெரியும் என்று நான் சொன்னேன். லேபில் வாராவாரம் அந்தக் கிணற்றுத் தண்ணீரைச் சோதிப்பது என் வேலை. மே பதினாலாம் தேதியே 'குடிக்க லாயக்கில்லை' என்று ரிப்போர்ட் டைப் அடித்து மேனேஜர் எத்திராஜிடம் பிரிண்ட் எடுத்துக் கொடுத்தேன். அதன் பிறகு வாரத்துக்கு ஒன்றாக இன்னும் ஐந்து. அப்படி எதுவும் தன் கைக்கு வரவே இல்லை என்கிறார் அவர்.

கம்ப்யூட்டரில் இருக்கிறது, பாருங்கள் என்றேன். விசாரணை அதிகாரி என் நாற்காலியிலேயே உட்கார்ந்து பார்த்தார். பிறகு தெலுங்கில் கேட்டார்: "அன்னீ ஜூன் இரவை ஏடே கதம்மா?" எல்லாமே ஜூன் இருபத்தேழாகத்தான் இருக்கிறது என்று. நானும் எட்டிப் பார்த்தேன். கிட்டத்தட்ட மூன்று வருஷமாக நான் எழுதிய ஒவ்வொரு ரிப்போர்ட்டுக்கும் நேராக ஜூன் 27. ரிப்போர்ட்டுக்கு உள்ளே மே பதினாலு என்று நான் அடித்தது அப்படியேதான் இருக்கிறது. "உள்ளே எந்தத் தேதியை வேண்டுமானாலும் டைப் அடிக்கலாம், ஃபைல் எந்தத் தேதியில் எழுதப்பட்டது என்று மெஷின் சொல்கிறதே" என்கிறார். சாவு விழுந்த பிறகு உட்கார்ந்து ஜோடித்தேன் என்று அர்த்தம்.

ஜூன் 27, நீ பழைய மெஷினிலிருந்து புது மெஷினுக்கு எல்லாவற்றையும் உன் புரோகிராமால் மாற்றிய நாள். பழைய மெஷின்களை மறுநாளே லாரியில் ஏற்றிவிட்டார்கள். முன்பெல்லாம் பக்கத்துக்குப் பக்கம் நம்பர் போட்ட ரிஜிஸ்டர் வைத்திருந்தேன். கம்ப்யூட்டர் வந்த பிறகு அது எதற்கு என்று நீதான் நிறுத்தச் சொன்னாய்.

அந்தத் தேதி எப்படி மாறியது என்று ஒரு கடிதம் எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்பு. அடுத்த விசாரணை அக்டோபர் பதினொன்று, சித்தூரில். அதற்குள் கிடைக்க வேண்டும்.

சாப்பாட்டுக்குக் கஷ்டப்படாதே.

அக்கா
யமுனா

----

எடிசன், நியூ ஜெர்ஸி
26.9.1999

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் நேற்றுத்தான் வந்தது. மனசுக்கு மிகவும் சங்கடமாக இருந்தது. நீ இவ்வளவு பயப்பட வேண்டியதில்லை என்று நினைக்கிறேன்.

விஷயம் இதுதான். புரோகிராம் ஒரு ஃபைலைக் காப்பி செய்யும்போது உண்மையில் பழைய ஃபைலைப் படித்து, புது மெஷினில் புதிதாக ஒன்றை எழுதுகிறது. எழுதிய நாள்தான் அதன் தேதி. இது கம்ப்யூட்டரின் சுபாவம். உள்ளே இருக்கும் எழுத்து ஒன்றுகூட மாறாது. இதைத் தெரிந்தவர்கள் யார் வேண்டுமானாலும் அதிகாரிக்குச் சொல்லலாம். நான்தான் சொல்ல வேண்டும் என்று இல்லை.

கடிதம் எழுதலாம்தான். ஆனால் இங்கே வந்து இரண்டு மாதம்தான் ஆகிறது. வெளிநாட்டிலிருந்து ஒரு விசாரணைக்கு எழுதினால் கம்பெனியில் என்ன நினைப்பார்கள், விசாவுக்கு ஏதாவது வருமா என்று தெரியவில்லை. கொஞ்சம் விசாரித்துக்கொண்டு எழுதுகிறேன்.

இங்கே எல்லா ஆபீஸிலும் இரண்டாயிரமாவது வருஷம் பிறக்கும்போது மெஷின்கள் தேதியைக் குழப்பிக்கொள்ளும் என்ற பயம். அதைச் சரிசெய்யத்தான் எங்களைக் கூட்டி வந்திருக்கிறார்கள். ஒரு அறையில் ஆறு பேர். செங்கல்வராயன் என்ற பேர் இவர்கள் வாயில் நுழையவில்லை, ராய் என்று கூப்பிடுகிறார்கள்.

நைனாவிடம் விசாரணையைப் பற்றிச் சொல்லாதே.

தம்பி
ராயன்

----

குடிபாலா
17.10.1999

ராயனுக்கு,

உன் கடிதம் விசாரணைக்கு மறுநாள் வந்தது.

நைனா வழக்கம்போல எதிரில் உட்கார்ந்துகொண்டு, "இன்னாமே எழுதிக்கிறான், படி" என்றார். சுகமாக இருக்கிறேன், சாப்பாட்டுக்குக் கஷ்டமில்லை என்று நீ எழுதியிருப்பதாகப் படித்தேன். அவருக்கு எழுத்துத் தெரியாததை முதல் தடவையாக நான் பயன்படுத்திக்கொண்டேன்.

பதினொன்றாம் தேதி சித்தூரில் எத்திராஜ் எழுந்து பேசினார். அதிகாரியிடம் கைகட்டிக்கொண்டு பேசினார். "பொண்ணு நல்ல பொண்ணு சார். புள்ளைங்க செத்ததும் பயந்துபோய், தன் மேல பழி வரக் கூடாதேன்னு பழைய தேதி போட்டு டைப் அடிச்சிட்டாங்க. பெரிசு பண்ணாதீங்க." எனக்காகப் பரிந்து பேசுகிற மாதிரி. கேட்டுக்கொண்டிருந்த காலனிக்காரர்கள் என்னைப் பார்த்த பார்வையை நீ பார்க்கவில்லை.

தெரிந்தவர்கள் யார் வேண்டுமானாலும் சொல்லலாம் என்று எழுதியிருந்தாய். சரி என்று மறுநாள் பஸ் ஏறித் திருப்பதிக்குப் போனேன். உனக்குக் கம்ப்யூட்டர் சொல்லிக்கொடுத்த பாஷ்யம் சாரைப் பார்த்தேன். நீ எழுதியதைக் காட்டினேன். அவர் இரண்டு தடவை படித்தார். "கம்ப்யூட்டரோட சுபாவம்னா எழுதியிருக்கான்?" என்று கேட்டார்.

பிறகு சொன்னார். பழைய ஃபைலின் தேதியைப் படித்து வைத்துக்கொண்டு, காப்பி முடிந்ததும் அதையே புது ஃபைலுக்குப் போடச் சொல்லி ஒரு வரி எழுதினால் போதுமாம். ஒரே ஒரு வரி. யூடைம் என்று அதற்குப் பேர் வேறு சொன்னார். "கோவில் டிக்கெட் ஆபீஸ் ஃபைலெல்லாம் மாத்தற மாதிரி ஒரு பயிற்சி குடுப்பேன். அந்த வரி இல்லேன்னா மார்க்கே கிடையாது. உன் தம்பி அதை மறக்கறவன் இல்லேம்மா. மறந்திருந்தான்னா எனக்கு ஆச்சரியம்" என்றார்.

மறந்தாயா? ஆம், இல்லை என்று மட்டும் எழுது. மறந்தேன் என்று எழுதினால்கூடப் போதும், அதை வைத்து நான் தப்பித்துக்கொள்வேன். அடுத்த விசாரணை நவம்பர் இருபத்தைந்து.

யமுனா

----

எடிசன்
8.11.1999

அக்காவுக்கு,

பாஷ்யம் சாரிடம் என் கடிதத்தைக் காட்டியிருக்க வேண்டாம்.

எத்திராஜ் இங்கே போன் பண்ணினார். எந்த நம்பர், யார் கொடுத்தார்கள் தெரியவில்லை. சுகம் விசாரித்தார். கடைசியில், "உன் சர்டிபிகேட்டுலயும் நான் போட்ட தேதிதான்பா இருக்குது, ஞாபகம் வெச்சிக்க" என்றார். அவ்வளவுதான் பேசினார்.

நான் அந்த பேக்டரியில் வேலை பார்த்தது எட்டு மாதம். மூன்று வருஷம் என்று சர்டிபிகேட். அது இல்லாமல் விசா இல்லை. இது உனக்குத் தெரியாததா? அதற்காக அவர் கேபின் வாசலில் எத்தனை நாள் நின்றாய்? யாருக்காக நின்றாய் என்று நான் மறக்கவில்லை. ஆனால் கூலிக்காரன் துலுக்காணத்தின் பிள்ளை அமெரிக்கா போனான் என்று ஊரில் சொல்ல உனக்கும் ஆசைதான். இப்போது எல்லாப் பாவத்தையும் என் தலையில் வைக்கிறாய்.

நான் வாயைத் திறந்தால் அடுத்த விமானத்தில் ஏற்றிவிடுவார்கள். உனக்கு மிஞ்சிப்போனால் வேலை போகும். வேறு லேப் கிடைக்கும். எனக்கு இது போனால் வேறு கிடையாது. யோசித்துப் பார்.

மறந்தேன் என்று எழுதச் சொல்கிறாய். அதையும் எழுத முடியாது. மறந்தேன் என்றாலும் என் புரோகிராம் தப்பு என்றுதானே ஆகும்?

ராயன்

----

குடிபாலா
3.12.1999

செங்கல்வராயனுக்கு,

முடிந்துவிட்டது. ஆவணங்களைப் பொய்யாகத் தயாரித்ததாக என்னை வேலையிலிருந்து நீக்கிவிட்டார்கள். கிணற்றைச் சோதிக்காமல் விட்ட லேப் டெக்னீஷியனின் கவனக்குறைவே சாவுகளுக்குக் காரணம் என்று எழுதியிருக்கிறது. போலீஸ் கேஸ் போடலாமா என்று பார்க்கிறார்கள். வேறு லேப் கிடைக்கும் என்று எழுதினாய். ரேணிகுண்டாவில் ஒரு பால் கம்பெனிக்குப் போனேன். பேரைச் சொன்னதும் காகிதத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். பேப்பரில் வந்திருக்கிறதே.

நைனாவுக்கு இப்போது தெரியும். பஸ் ஸ்டாண்டில் யாரோ சொல்லியிருக்கிறார்கள். வீட்டுக்கு வந்து, "அவன் ஒரு காயிதம் எழுதினா உட்டுடுவாங்களாமே, நெசமா?" என்று கேட்டார். நான் அடுப்படிக்குப் போய்விட்டேன். உன் கடிதங்களை எல்லாம் எடுத்துக்கொண்டு போய் பாஷ்யம் சார் வீட்டில் கொடுத்து, அவரைப் படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு வந்திருக்கிறார். வந்ததிலிருந்து உன் பேரை எடுப்பதில்லை.

எனக்கு எழுதாதே.

யமுனா

----

எடிசன்
4.1.2000

அக்காவுக்கு,

எழுதாதே என்றாய். இதை மட்டும் படித்துவிடு. கவரில் இன்னும் இரண்டு காகிதம் இருக்கிறது, கிழித்துவிடாதே.

ஜனவரி ஒன்று வந்தது. ஒரு மெஷினும் குழம்பவில்லை. எல்லாரும் கை குலுக்கிக்கொண்டார்கள். எல்லாத் தேதியும் சரியாக இருக்கிறது என்று நான் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். அதற்குத்தான் எனக்குச் சம்பளம். கையெழுத்துப் போட்ட பிறகு அந்த நாற்காலியில் உட்கார முடியவில்லை.

நான் மறக்கவில்லை. அந்த வரியை எழுதியிருந்தேன்.

மெஷின்களை சீசன் முடிந்து ஆகஸ்டில்தான் மாற்றுவதாக இருந்தது. ஜூன் இருபத்தேழு, ஞாயிற்றுக்கிழமை. இன்றைக்கே மாற்ற வேண்டும் என்று எத்திராஜ் ஆள் அனுப்பினார். சுமித்ரா செத்து ஆறாம் நாள். ஏன் இந்த அவசரம் என்று எனக்குத் தோன்றியது. தோன்றவில்லை என்று இதுவரை எனக்கே சொல்லிக்கொண்டிருந்தேன்.

முதலில் பத்து ஃபைலை மட்டும் மாற்றி அவருக்குக் காட்டினேன். அவர் திரையைப் பார்த்தார்.

"இன்னாப்பா, புது மெஷின்ல பழைய தேதி காட்டுது?"

"அதுக்குன்னு ஒரு லைன் எழுதிக்கிறேன் சார். அது இல்லேன்னா எல்லாம் இன்னிக்குத் தேதியா மாறிப்பூடும்."

"மாறினா ஃபைல் கெட்டுப்பூடுமா?"

"கெடாது சார். தேதி மட்டும்தான்."

"அப்ப அந்த லைன எடுத்துடு."

"எதுக்கு சார்?" என்று கேட்டேன். கேட்டேன் அக்கா, அதுவரைக்கும் கேட்டேன்.

"புது மெஷினு, புதுத் தேதி. கிளீனா இருக்கட்டும்பா" என்றபடி டிராயரைத் திறந்து என் சர்டிபிகேட்டை எடுத்து மேஜைமேல் வைத்தார். கையெழுத்து இன்னும் போடவில்லை. பேனா மூடியைக் கழற்றி வைத்துக்கொண்டு காத்திருந்தார்.

வரியை அழிக்கக்கூட இல்லை. அதற்கு முன்னால் இரண்டு சாய்ந்த கோடு போட்டேன். கோடு போட்டால் மெஷின் அந்த வரியைப் படிக்காது. அவர் கேட்டார், நான் வழி சொன்னேன். தேதியை மாற்றலாம் என்பதே அவருக்குத் தெரியாது. நான் சொல்லித்தான் தெரியும்.

இத்துடன் இருப்பதில் ஒன்று, இதையெல்லாம் எழுதி இங்கே நோட்டரி முன்னால் கையெழுத்துப் போட்ட வாக்குமூலம். சர்டிபிகேட் பொய் என்பதையும் எழுதியிருக்கிறேன். இன்னொன்று, இரண்டு ஓரமும் ஓட்டை போட்ட பிரிண்டர் நீளத்தாள். மாற்றுவதற்கு முன்னால் பழைய மெஷினில் எடுத்த பட்டியல். நூற்று நாற்பத்து மூன்று ஃபைல், ஒவ்வொன்றுக்கும் நேராக அதன் உண்மையான தேதி. உன் மே பதினாலும் இருக்கிறது. அடியில் '143 சரிபார்க்கப்பட்டது' என்று எத்திராஜின் கையெழுத்து. எண்ணிக்கையை மட்டும் பார்த்துப் போட்டுவிட்டார். தேதிகளைப் பார்க்கவில்லை.

இந்தத் தாள் என் பெட்டியில் தவறி வந்ததில்லை. பின்னால் எனக்கு ஏதாவது பிரச்சினை வந்தால் காட்டலாம் என்று எடுத்து வைத்தேன். உனக்கு வந்தபோது காட்டவில்லை.

ராயன்

----

எடிசன்
20.2.2000

அக்காவுக்கு,

உன்னிடமிருந்து பதில் இல்லை. பாஷ்யம் சார் எழுதியிருந்தார், காகிதங்கள் சேர்ந்துவிட்டன, அப்பீலுக்கு அவரும் சித்தூர் வருகிறார் என்று. அதற்கு மேல் ஒரு வரியும் எழுதவில்லை அவர்.

எத்திராஜ் முந்திக்கொண்டு, என் சர்டிபிகேட் பொய் என்று எங்கள் கம்பெனிக்கு ஃபேக்ஸ் அனுப்பிவிட்டார். கூப்பிட்டுக் கேட்டார்கள். ஒத்துக்கொண்டேன். இந்த மாதக் கடைசியோடு கிளம்ப வேண்டும். அறையில் இருப்பவர்கள் என் பக்கம் வந்து உட்காருவதில்லை. அவர்கள் சர்டிபிகேட்டுகளையும் தோண்டுவார்களோ என்று பயம்.

மெட்ராஸில் இறங்கி என்ன செய்வேன் என்று தெரியவில்லை. வீட்டுக்கு வரட்டுமா? நீ சொன்னால்தான் வருவேன்.

ராயன்

----

குடிபாலா
9.4.2000

ராயனுக்கு,

இதை நீ பாஷ்யம் சாரிடம் கொடுத்த மெட்ராஸ் விலாசத்துக்கு எழுதுகிறேன்.

போன மாதம் இருபத்தொன்றாம் தேதி அப்பீல் ஆர்டர் வந்தது. பாஷ்யம் சார் ஒரு மெஷினைக் கொண்டுவந்து வைத்து, அந்த வரியோடு ஒரு தடவையும் அந்த வரி இல்லாமல் ஒரு தடவையும் காப்பி செய்து காட்டினார். அதிகாரி நீளத்தாளைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார். எத்திராஜ் தன் கையெழுத்து இல்லை என்று சொல்லிப் பார்த்தார், எடுபடவில்லை. கைது செய்தார்கள். பதினோராம் நாள் ஜாமீனில் வந்துவிட்டார். என்னைத் திரும்ப வேலைக்கு எடுத்துக்கொள்ள உத்தரவு. என் மேல் ஒரு குற்றமும் இல்லை என்று எழுதியிருக்கிறது.

அந்த ஆர்டரின் காப்பியை எடுத்துக்கொண்டு மறுநாள் காலனிக்குப் போனேன். எல்லாரையும்விட ரத்னம்மாவுக்குத் தெரிய வேண்டும் என்று இருந்தது. என்னைப் பொய்க்காரி என்று அவள் நினைத்துக்கொண்டிருந்த ஐந்து மாதமும் எனக்குச் சோறு இறங்கவில்லை.

அவள் வாசலில் புளி தட்டிக்கொண்டிருந்தாள். "படி" என்றாள். தெலுங்கில் இருந்ததை நிறுத்தி நிறுத்தித் தமிழில் சொன்னேன். மே பதினாலாம் தேதியே கிணற்றுத் தண்ணீர் குடிக்கத் தகுதியற்றது என்று லேப் டெக்னீஷியன் யமுனா அறிக்கை கொடுத்தது நிரூபணமாகிறது என்ற இடத்தில் என்னை நிறுத்தினாள்.

"மே மாசமே உனுக்குத் தெரியுமா?"

"தெரியும்க்கா. அதான் எழுதிக் குடுத்தேன். அவங்க மறைச்சிட்டாங்க."

"என் புள்ள செத்தது ஜூன் கடைசில."

நான் ஆர்டரை மடித்தேன்.

"நெதம் என் எதுர்லதானே போய்க்கினு இருந்த? நான் பழம் அறுத்துக்கினு இருப்பேன், நீ பாட்டில் எடுத்துக்கினு போவ. ஊட்லேர்ந்து தண்ணி கொண்டாந்து குடிச்சிக்கினு இருந்தியே. அந்தக் கெணத்துத் தண்ணிய குடுக்காத ரத்னம்மான்னு ஒரு வார்த்த. வாயால சொல்றதுக்கு இன்னா?"

"மேனேஜருக்கு எழுதிக் குடுத்தேன்க்கா."

"நான் இன்னா மேனேஜரா?"

கத்தவில்லை, ராயா. கத்தியிருந்தால் நின்றிருப்பேன். புளியை ஒதுக்கிவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். பக்கத்து வீடுகளிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தவர்களும் ஒவ்வொருவராக உள்ளே போனார்கள்.

நீ எழுதியதைப் போல நானும் எழுதிவிடுகிறேன். இதை அப்பீலில் யாரும் என்னிடம் கேட்கவில்லை.

மே பதினாலு, ரிப்போர்ட்டை எத்திராஜிடம் கொடுத்ததும் அவர் படித்துவிட்டு மடித்து வைத்தார். "கெணத்த நான் பாத்துக்கறேன்மா. காலனில போய்ப் பீதியக் கெளப்பாத. உன் தம்பி சர்டிபிகேட்டு டைப்புக்குப் போய்க்கிது, தெரியுமில்ல?" என்றார். நான் தலையாட்டினேன். அடுத்த வாரமும் தண்ணீர் அப்படியேதான் இருந்தது. அதையும் டைப் அடித்துக் கொடுத்தேன். ஆறு தடவை கொடுத்தேன். கொடுத்தாயிற்று, என் வேலை முடிந்தது என்று வீட்டிலிருந்து கொண்டுபோன தண்ணீரைக் குடித்தேன். உன் சர்டிபிகேட் கைக்கு வரட்டும், பிறகு சொல்லலாம் என்று இருந்தேன். கையெழுத்து விழுவதற்கு ஆறு நாள் முன்னால் அந்தக் குழந்தை போய்விட்டது.

ஜூன் இருபத்தேழு என்றே அந்தத் தேதி இருந்திருந்தால் நான் பொய்க்காரி. அவ்வளவுதான். பொய்க்காரி என்றாலும் ரத்னம்மா என்னை ஒருநாள் மன்னித்திருப்பாள், பயந்துபோய் எழுதிவிட்டாள் என்று. உண்மைத் தேதிக்கு மன்னிப்பு இல்லை.

அவள் காலனியைக் காலி பண்ணிக்கொண்டு பிச்சாட்டூரில் அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டதாகப் போன வாரம் சொன்னார்கள். வேலைக்கு வரச் சொன்ன உத்தரவை நான் திருப்பி அனுப்பிவிட்டேன்.

வரட்டுமா என்று கேட்டாய். நைனாவுக்குக் காலில் வீக்கம், நீ வந்து பார்க்கலாம். அவர் பேசுவாரா என்று எனக்குத் தெரியாது. என்னிடம் மன்னிப்புக் கேட்காதே. உன்னை மன்னித்தால் அடுத்த நிமிஷமே என்னையும் மன்னித்துக்கொள்வேன். அதற்கு எனக்கு உரிமை இல்லை.

மே பதினாலிலிருந்து ஜூன் இருபத்தொன்று வரை முப்பத்தெட்டு நாள். அத்தனை நாளும் எனக்குத் தெரிந்திருந்தது என்று இப்போது அரசாங்க முத்திரையோடு எழுதியிருக்கிறது. அதை நிரூபிக்கத்தான் உன்னிடம் அவ்வளவு கெஞ்சினேன்.

யமுனா